பரீட்சைத் தாடி

பழங்காநத்தத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பாண்டியராஜன் டாக்டராக இருக்கிறான். கைராசிக்காரன் என்று பேர். காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற பொம்பளைகள், வேறு டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தாலும், அவன் வருகிற வரைக்கும் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். கீழக்குயில்குடிச் சொந்தக்காரர்கள் மட்டும் அவனுக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். சறுக்கு டாக்டர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அவனுடைய அம்மா ஒச்சாயி இன்னும் கீழக்குயில்குடியில்தான் இருக்கிறாள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. மகன்தான் போய்ப் பார்க்கிறான். அவள் பேசாமல் கையை நீட்டுவாள். அவன் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பான். மாத்திரை எழுதுவான், வாங்கியும் கொடுப்பான். அதை விழுங்குவதற்குத் தண்ணீர் மட்டும் அவன் கையால் வாங்க மாட்டாள். அவனுடைய பெரியப்பா மகன் அழகுமலை சொம்பில் கொண்டுவந்து கொடுத்தால்தான் குடிப்பாள். வருசக்கணக்காக இப்படித்தான். இதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் அவனுடைய அப்பா தவசியிடமிருந்து தொடங்க வேண்டும்.

தவசி தண்ணி லாரி ஓட்டினார். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றில் பிடித்து, மதுரைக்குள் மாடி வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஊற்றிவிட்டு வருவார். நாள் முழுக்கத் தண்ணீரோடு கிடந்த மனிதருக்குத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பொறுக்காது. விருந்தாளி தம்ளரில் அரைவாசி மிச்சம் வைத்தால், அவர் முன்னாலேயே எடுத்துப்போய்க் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். தவசிக்கு மூத்தவர் பேச்சிமுத்து. இளையவள் பாண்டீஸ்வரி, அவளைக் கட்டிக்கொடுத்தது செக்கானூரணிப் பக்கம். தவசி பெண் எடுத்தது சோழவந்தானில். ஒச்சாயியின் அண்ணன் சிவனாண்டி அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, ஊர் வாயெல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு பிறந்தவன் பாண்டியராஜன். ஒற்றைப் பிள்ளை.

பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போன அன்றைக்குத் தவசி ஒரு நேர்த்தி பிடித்தார். பரீட்சை முடிகிற வரைக்கும் சவரம் கிடையாது. கறி, மீன், முட்டை கிடையாது. பையன் காதுக்கு எந்தக் கெட்ட சேதியும் போகக்கூடாது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு மலையடிவாரத்துக் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்து, சலூனில் மழமழவென்று மழித்துக்கொண்டு, வெள்ளாட்டுக்கறியோடு வீட்டுக்கு வருவார். ஊரில் அதற்குப் பரீட்சைத் தாடி என்றே பேராகிவிட்டது.

"என்னண்ணே, மகனுக்குப் பரீட்சையா?" என்று லாரி நிற்கிற இடத்தில் கேட்பார்கள்.

"ஆமாப்பா, இன்னும் ரெண்டு பேப்பர் கெடக்கு," என்று தாடையைச் சொறிந்துகொண்டே சொல்வார். பரீட்சை எழுதுவது பையனா இவரா என்று தெரியாது, அம்புட்டுப் பெருமை.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவில் சிவனாண்டியின் அய்யா செத்துப்போனார். பேரனைத் தோளில் வைத்துக் கொடிக்கால் முழுக்கச் சுற்றியவர். தவசி பையனிடம் மூச்சு விடவில்லை; மற்றவர்களைச் சொல்லவும் விடவில்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னார்கள். பையன் சோறு தின்னாமல் கிடந்து அழுதான். ஆனால் கணக்கில் நூற்றுக்கு நூறு வந்தது. தவசி அந்த மார்க்கைக் காட்டி மச்சானிடமே கேட்டார்: "பாத்தீகளா? சொல்லியிருந்தா இது வந்திருக்குமா?" செத்தவரின் மகனும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார். அன்றையிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு பையன் டாக்டருக்குப் படிக்கப் பிலிப்பைன்ஸ் போனான். தினமும் சாயங்காலம் தவசி போன் போடுவார். சாப்பிட்டியா, படிச்சியா, அங்க தண்ணி ஒழுங்கா வருதா என்று மூன்று கேள்வி. வேறு பேச்சு கிடையாது. பரீட்சை நாட்களில் அந்த மூன்றும் கிடையாது. போன் சத்தத்தில் பையனுக்குப் படித்தது கலைந்துபோகும் என்று, ஆசையாக இருந்தாலும் போனை ஒச்சாயியின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.

மூன்றாம் வருசப் பரீட்சை எப்போது முடியும் என்று அவர் கேட்டபோது பாண்டியராஜன், "அடுத்த புதன்கெழமைப்பா" என்றான். உண்மையில் அது வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும்.

கூட இருந்த கிரிதரன் அதைக் கேட்டுச் சிரித்தான். கிரிதரன் மதுரையில் பட்டுச்சேலைக் கடைக்காரர் மகன்; வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன்; இருவருக்கும் ஒரே அறை.

"ஏண்டா, உங்கப்பாகிட்டயே டபாய்க்கிற?"

"முடிஞ்சுச்சுன்னு சொன்னா, அன்னிக்குச் சாயங்காலமே அடுத்த வருசப் புத்தகத்தை எடும்பாருடா. நாலு நாளு மூச்சு விட்டுக்கிறேன்."

"பாவம்டா. அவரு விரதம்னியே."

"இன்னும் நாலு நாளு கறி திங்காம இருந்தா ஒடம்புக்கு நல்லதுதான். கொழுப்பு கொறையும்," என்றான் பாண்டியராஜன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அப்போது கிரிதரன் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தான் என்பதுவரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாட்டர் பார்க்குக்குப் போனார்கள். தமிழ்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர். வாசலிலேயே தகராறு. பருத்தித் துணியோடு தண்ணீருக்குள் இறங்கக்கூடாதாம். பாண்டியராஜன் கட்டம் போட்ட டவுசரும் முண்டா பனியனுமாக வந்திருந்தான். காவல்காரப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடகைக்கு ஒரு நைலான் உடுப்பை நீட்டினாள். மஞ்சளும் பச்சையுமாக உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"மாரியம்மன் கோயில் பூச்சட்டி மாதிரி இருக்கடா," என்றான் கிரிதரன்.

உள்ளே போனால் தண்ணீர், தண்ணீர், எங்கே திரும்பினாலும் தண்ணீர். குடும்பம் குடும்பமாகச் சோற்றுப் பொட்டலமும் சுட்ட கோழியும் கொண்டுவந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய குளத்தில் சங்கு ஊதியதும் அலை கிளம்பியது. கிழவன் கிழவி, பிள்ளைகுட்டி எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டு அதில் போய் விழுந்தார்கள். பாண்டியராஜன் கரையில் நின்று பார்த்தான்.

"டே கிரி, இது நம்ம லாரிக்கு எம்புட்டு லோடு இருக்கும்?"

"இங்க வந்தும் லாரிதானா? எறங்குடா!" என்று பின்னாலிருந்து ஒரே தள்ளு.

கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டித் தவசிதான் அவனுக்கு நீச்சல் பழக்கியிருந்தார். அந்தக் கிணற்றிலும் சோப்புப் போடாதே, தண்ணியைக் கலக்காதே என்றுதான் இறக்குவார். இங்கே கலக்கினாலும் கேட்பார் இல்லை. பிறந்ததிலிருந்து அளந்து அளந்து குளித்த உடம்பு அன்றைக்குத்தான் தண்ணீரை முழுசாக அனுபவித்தது. மாடிப்படி மாதிரி உயரம் ஏறி, நீலக் குழாய்க்குள் படுத்துச் சறுக்கினான். இருட்டாக இருந்தது; வளைந்து வளைந்து இழுத்தது; பயத்தில் "அப்பா" என்று கத்தினான். வெளிச்சத்தில் வந்து தண்ணீரில் விழுந்ததும் கூச்சம் போய்விட்டது. மறுபடியும் ஏறினான். சாயங்காலம் வரைக்கும் ஏறிக்கொண்டே இருந்தான்.

கடைசிச் சறுக்கலைக் கிரிதரன் போனில் பிடித்தான். பாண்டியராஜன் குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து விழுந்து, எழுந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தொண்டை நரம்பு தெறிக்கக் கத்தினான்: "பரீட்சை முடிஞ்சுருச்சுடோய்!"

கிரிதரன் அதை அப்போதே இன்ஸ்டாகிராமில் போட்டு, பாண்டியராஜன் பேரையும் சேர்த்துவிட்டான்.

அந்த நேரம் கீழக்குயில்குடியில் தவசியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் லாரிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உயிர் போய்விட்டது. வீட்டில் நடந்ததையெல்லாம் பிற்பாடு பாண்டியராஜனுக்கு ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தரும் ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொல்லவில்லை.

மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் பேச்செடுத்தவர் தாய்மாமன் சிவனாண்டி. "ஐஸ் பெட்டியில ரெண்டு மூணு நாளு வைக்கலாம். சொன்னா வந்து சேந்துருவான். ஒத்த மகன்."

அண்ணன் பேச்சிமுத்து தயங்கினார். "பரீட்சை எழுதுற புள்ளை. தம்பி இருந்திருந்தா சொல்ல விடுவானா?"

எல்லாரும் ஒச்சாயியைப் பார்த்தார்கள். "அவுக விரதத்தை நான் கெடுக்க மாட்டேன்," என்றாள் அவள். "புதன்கெழமை முடியுதுன்னான். முடிச்சுட்டு வரட்டும்."

நாவிதர் வந்து உடம்புக்கு உண்டான வேலையைப் பார்த்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாடியை எடுத்துரவா தாயி?" என்று கேட்டார்.

"வேணாம். எம்மகனுக்கு இன்னும் பரீட்சை முடியல."

அதைக் கேட்டுப் பொம்பளைகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்புறம் நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட மகனும் பங்காளிகளும் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். முன்னால் கொட்டு போகும். முதல் குடம் மகனுடையது. மகன் இல்லாததால் பேச்சிமுத்து மகன் அழகுமலை ஈர வேட்டியோடு முதல் குடத்துக்கு நின்றான். தண்ணீர் பிடிக்க எங்கும் போகவில்லை. தவசியின் லாரி வாசலில் நின்றது, வெள்ளிக்கிழமை பிடித்த தண்ணீர் அதற்குள் அப்படியே கிடந்தது.

அழகுமலை குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்து இன்ஸ்டாகிராமைத் திறந்தான். சும்மா ஒரு பழக்கம்தான். போனுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது.

"பரீட்சை முடிஞ்சுருச்சுடோய்!"

கொட்டு நின்றது. யாருக்கும் முதலில் விளங்கவில்லை. பேச்சிமுத்து போனை வாங்கிப் பார்த்தார். பாண்டீஸ்வரி பிடுங்கிப் பார்த்தாள். அது கை மாறிக் கை மாறி உள்ளே போய், தலைமாட்டில் இருந்த ஒச்சாயி கைக்கு வந்தது. அவள் ஒருதடவை பார்த்தாள். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தாள். மஞ்சளும் பச்சையுமாக மகன் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். சுற்றிலும் அம்புட்டுத் தண்ணீர்.

சிவனாண்டி போனை வாங்கினார். "சரி, அப்ப முடிஞ்சுபோச்சுல்ல? இப்பவே சொல்லிருவோம். தூக்குறதைத் தள்ளி வைப்போம். வந்துருவான்."

"யாருக்குச் சொல்ற?" என்றார் பேச்சிமுத்து. அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "புதன்கெழமைன்னு அவன்தான சொன்னான்? அந்த வார்த்தையை நம்பித்தான எந்தம்பி தாடியோட கெடக்கான்? புதன்கெழமையே சொல்லு."

சிவனாண்டி தங்கச்சி முகத்தைப் பார்த்தார். ஊரே பார்த்தது. ஒரு தலையசைப்பு போதும். உடம்பு பெட்டிக்குள் போயிருக்கும், மகன் வந்திருப்பான்.

ஒச்சாயி தவசியின் தாடியை ஒதுக்கிவிட்டாள். "புதன்கெழமை சொல்லுங்க," என்றாள்.

கொட்டு மறுபடியும் கிளம்பியது. அழகுமலை முதல் குடத்தைத் தூக்கினான். அவன்தான் குளிப்பாட்டினான். அவன்தான் கொள்ளி வைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் சிவனாண்டி போன் போட்டார். வீட்டுக்கூடத்தில் நடுவில் போனை வைத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அது பாண்டியராஜனுக்குத் தெரியாது. அவன் கடற்கரையில் இருந்தான்.

"மாப்ள, நல்லாருக்கியா? பரீட்சையெல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா. இப்பத்தான் முடிச்சுட்டு வெளிய வாரேன். அப்பா ஏன் பேசல?"

"இன்னிக்குத்தான் கடைசிப் பரீட்சையா மாப்ள?"

"ஆமா மாமா. இன்னிக்குத்தான். ரொம்பக் கஷ்டமான பேப்பரு."

கூடத்தில் யாரோ துப்புகிற சத்தம் கேட்டது. அலைச் சத்தத்தில் அவனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

"சரி மாப்ள," என்றார் சிவனாண்டி. "உங்கப்பா ஞாயித்துக்கெழமை செத்துப்போனாரு. எடுத்தாச்சு. பரீட்சை கெட்டுப்போகும்னு சொல்லல. கெளம்பி வா."

அவன் வந்து சேர்ந்தான். வாசலில் விழுந்து அழுதான். யாரும் தூக்கவில்லை, தூக்காமலும் விடவில்லை. முன்பின் தெரியாத ஆளை எழுப்புகிற மாதிரி எழுப்பி, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, திண்டு போட்டு உட்காரவைத்தார்கள். அன்றையிலிருந்து அவன் அந்த வீட்டில் விருந்தாளி. தனியாக இலை போட்டார்கள். அவன் கைகழுவ எழுந்தால் ஒருத்தர் ஓடிவந்து சொம்பை நீட்டினார். துவைக்கத் துணியை எடுத்தால் பிடுங்கிக்கொண்டார்கள். "நீங்க ஏன் தம்பி செரமப்படுறீக, உக்காருங்க," என்று பெரியப்பா அவனைப் பன்மையில் பேசினார். பிறந்ததிலிருந்து டே போட்டவர். அந்தப் பன்மை செருப்படி மாதிரி இருந்தது.

அத்தை பாண்டீஸ்வரிக்கு இந்த மரியாதையெல்லாம் வராது. அவன் குளிக்கப் போகும்போது கொல்லைப்புறத்தில் நின்று சொன்னாள்: "என்ன மருமகனே, வாளியிலயா குளிக்கிறீக? சறுக்கி வந்து விழுகுறதுக்கு இங்க தோது இல்லையே. ஒங்கப்பன் லாரி மேல ஏறி வேணா விழுங்க."

ஒச்சாயி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

போனதைத் திருப்ப முடியாது. குடம் போயிற்று, கொள்ளி போயிற்று. இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது: உருமா. கருமாதி அன்றைக்குத் தாய்மாமன் புதுத்துணி எடுத்து வந்து மகன் தலையில் கட்டுவார். செத்தவர் இடத்துக்கு இனிமேல் இவன் என்று பங்காளியும் சம்பந்தகாரரும் ஒப்புக்கொள்வது அந்தத் துணியைக் கட்டும்போதுதான். கோயிலில் அப்பன் பேரைச் சொல்லி விபூதி வாங்குவதும், நல்லது கெட்டதில் வீட்டு ஆளாக முன்னால் நிற்பதும் உருமா கட்டியவனுக்கு உண்டான பாத்தியதை. அது இல்லாவிட்டால் தவசி மகன் என்று பேர்தான் இருக்கும். தவசியின் இடம் இருக்காது.

கருமாதிக்கு முன்னால் பாண்டியராஜன் சோழவந்தானுக்கே போனான். சிவனாண்டி கொடிக்காலுக்குள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் அப்படியே அவர் காலைப் பிடித்தான்.

"மாமா, உருமாவை மட்டும் எனக்குக் கட்டுங்க மாமா. வேற எதுவும் கேக்கல."

"எந்திரி மாப்ள. கொடி மிதிபடுது."

"ஞாயித்துக்கெழமையே நீங்க சொல்லணும்னீகளாம். அழகுமலை சொன்னான்."

"சொன்னேன்தான். எஞ்சொல்லு எடுபடல." அவர் வெற்றிலைக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றினார். "இங்க பாரு. துணி எந்துணி. தலை யாரு தலைன்னு உங்கம்மா சொல்லணும். தங்கச்சி கை காட்டுற தலைக்குக் கட்டுவேன். போ, போயி அவ காலைப் பிடி."

பிடித்தான். ஒச்சாயி காலை இழுத்துக்கொண்டாள்.

கருமாதி அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே இரண்டு மொட்டைத் தலைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கொள்ளி வைத்ததால் அழகுமலைக்கு மொட்டை. பிறந்ததால் பாண்டியராஜனுக்கு மொட்டை. ஒச்சாயி வெறுங்கழுத்தோடு முக்காடு போட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் இருந்தாள். சிவனாண்டி தாம்பாளத்தில் துணியோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, நேரமாகுது. யாருக்குன்னு சொல்லு."

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார் கூட்டத்தில் ஒரு வயசாளி. "பெத்த மகன் இருக்கைல."

"பெத்த மகனா? எங்க இருந்தான் இம்புட்டு நாளா?" என்றாள் பாண்டீஸ்வரி.

பாண்டியராஜனுக்கு அடக்க முடியவில்லை. "நான் பொய் சொன்னது தப்புதான். பரீட்சை வெள்ளிக்கெழமையே முடிஞ்சுருச்சு, இல்லேங்கல. ஆனா நீங்க ஞாயித்துக்கெழமையே ஒரு போனு போட்டிருந்தா வந்திருப்பேன்ல? வேணும்னேதான வச்சிருந்தீக?"

"போட்டிருப்போம் மருமகனே. தண்ணிக்குள்ள போனு எடுக்குமா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். கருமாதி வீடு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து வாயைப் பொத்தினார்கள்.

அழகுமலை குனிந்தபடியே, "சித்தி, இவனுக்கே கட்டட்டும். நான் எந்திரிச்சுக்கிறேன்," என்றான். சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை.

ஒச்சாயி முக்காட்டை விலக்கினாள். மகன் வந்த நாளிலிருந்து அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சனிக்கெழமை சாயங்காலம் ஒங்கப்பாவுக்கு நெனவு வந்துச்சு. மூக்குல குழா. பேச முடியல. கையைக் காதுகிட்ட வச்சுக் காமிச்சாக, போனுன்னு. நான் எடுத்து ஒன் நம்பரைப் போடப் போனேன். அதுக்குள்ள அவுகளே என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. வேணாம்னு தலையாட்டுனாக. தாடியைத் தொட்டுக் காமிச்சாக. பரீட்சையாம். ராவு பூரா போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டுக் கெடந்தாக. நீ வெள்ளிக்கெழமையே முடிச்சுட்ட. நானும் அவுக கையைத் தட்டிவிட்டுப் போட்டிருக்கணும். போடல. ஒன் வார்த்தையை நம்புனேன்."

பாண்டியராஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குளிப்பாட்டுனவனுக்கே கட்டுங்கண்ணே," என்றாள் ஒச்சாயி. முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

சிவனாண்டி துணியைப் பிரித்தார். பாண்டியராஜன் அதுவரைக்கும் தலையைக் குனிந்தே வைத்திருந்தான், கட்டுவதற்குத் தோதாக. துணி அவன் காதில் உரசிக்கொண்டு அடுத்த தலைக்குப் போனது.

அழகுமலை உருமாவோடு எழுந்து பெரியவர்கள் காலில் விழுந்தான். பாண்டியராஜன் பக்கமாக வரும்போது, "நான் வேணாம்னுதான்டா சொன்னேன்," என்று முணுமுணுத்தான். பாண்டியராஜன் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

பந்தி போட்டார்கள். வெளியே வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் சொந்தக்காரப் பிள்ளைகள் ஏறி ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் கீழே விழுந்ததும் எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பரீட்சை முடிஞ்சுருச்சுடோய்!" என்று கத்தினான். பெரியவர்கள் அதட்டவில்லை. ஒரு அப்பன் தன் பிள்ளையிடம், "கையை இன்னும் நல்லாத் தூக்குடா," என்றார்.

பேச்சிமுத்து பந்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரோரமாக நின்ற பாண்டியராஜனைக் கூப்பிட்டார். பன்மை போய்விட்டது.

"ஏண்டா, சும்மா நிக்கிற? தண்ணியில நல்லா வெளாடுவீல்ல? பந்திக்குத் தண்ணி வையி."

அது வாடகைப் பாத்திரத்தோடு வந்த ஆட்கள் செய்கிற வேலை. பாண்டியராஜன் ஜக்கை வாங்கிக்கொண்டான். விருந்தாளியாக உட்காரவைத்ததற்கு இது எவ்வளவோ தேவலை என்றுகூட ஒரு நிமிசம் தோன்றியது. வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தான். சில பேர் வேண்டுமென்றே ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார்கள். "சிந்தாம ஊத்துப்பா, அப்பன் இருந்தா சத்தம் போடுவாரு," என்றார் ஒருத்தர். சிந்தாமல் ஊற்றினான்.

நிலைப்படிக்கு உள்ளே ஒச்சாயிக்கு இலை போட்டிருந்தது. சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை, உதடு வெடித்திருந்தது. அவளுக்கு முன்னால் தம்ளர் காலியாக இருந்தது. பாண்டியராஜன் குனிந்து ஜக்கைச் சாய்க்கப் போனான்.

"அம்மா, ஒரு வாய் குடிம்மா."

ஒச்சாயி தம்ளரை எடுத்தாள். வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தான். அவள் அதைக் கவிழ்த்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, வெளியே பார்த்து, "அழகு, ஒரு சொம்பு தண்ணி கொண்டாப்பா," என்றாள்.

உருமாத் தலையோடு அழகுமலை சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிலைப்படியில் இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை. பாண்டியராஜன் ஜக்கோடு வெளியே வந்தான். பந்தியின் கடைசியில் யாரோ தண்ணி, தண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனான்.